இன்பச் சுற்றுலாவும் இரண்டாயிரம் ரூபாயும்

"டீச்சர், இந்த வருஷம் டூர் எங்கே?"

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாளே இந்தக் கேள்வி என் காதில் விழுந்துவிடும். பல ஆண்டுகளாகச் சுற்றுலாப் பொறுப்பு என் தலையில் இருப்பதால், மாடிப்படி ஏறும்போதும் கேட்பார்கள், வராந்தாவில் தண்ணீர் குடிக்கும்போதும் கேட்பார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை. நானாகவே அறிவிப்புத் தாளை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் தீம் பார்க் என்று சொல்லும் பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்றின் பெயரை வாசித்தேன். முந்தைய ஆண்டுகளில் அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மேசைகள் அதிரும். அன்று அதிரவில்லை. "கட்டணம் இரண்டாயிரம் ரூபாய்" என்றேன். பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்து கொண்டார்கள்.

வகுப்பில் 58 பேர். கடைசி நாள்வரை பணம் கட்டியவர்கள் 23 பேர்.

பணமில்லாமைதான் காரணம் என்று முதலில் எண்ணினேன். பலருக்கு அது உண்மைதான். அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் தாராளமாகக் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளை ஒருத்தியும் கட்டவில்லை. ஏனம்மா என்று கேட்டேன். "போன லீவுல எங்க வீட்டோட போனோம் டீச்சர். அங்க போயி நிக்கறதுதான் வேலை" என்றாள்.

விளையாடப் போன இடத்தில் நிற்பதே வேலையாவது எப்படி? அந்தப் பதில் என்னை விடவில்லை. கேட்டும் படித்தும் கணக்குப் போட்டும் நான் அறிந்துகொண்டதை, நம் மாணவியரும் பெற்றோரும் அறிய இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பூங்காக்களில் பேர்பெற்றது அமெரிக்காவிலுள்ள டிஸ்னிலாந்து. மிக்கி எலியைத் திரைக்குக் கொண்டுவந்த வால்ட் டிஸ்னிக்கு இரண்டு பெண் குழந்தைகள். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிரிஃபித் பூங்காவுக்கு அவர்களை அழைத்துப் போவார். குழந்தைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள். தகப்பனார் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்தே விளையாடும் இடம் ஒன்று ஏன் இருக்கக் கூடாது என்ற எண்ணம் அந்தப் பெஞ்சில்தான் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. திறப்பு நாள் பெருங்குழப்பமாக இருந்தது. போலிச் சீட்டோடு ஆயிரக்கணக்கானோர் நுழைந்துவிட்டார்கள். கடும் வெயில், குழாய் வேலைக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் போதவில்லை, புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. ஆகவே நம் பிள்ளைகள் வெயிலில் நின்று அவதிப்படுவது முதல் நாளிலிருந்தே உள்ள வழக்கம்தான்!

அங்கே தொடக்கத்தில் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். உள்ளே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிச் சீட்டு. சில மாதங்களில் சீட்டுகளை ஒரு சிறு புத்தகமாகக் கட்டி விற்றார்கள். ஏ என்று குறித்த சீட்டு சின்ன விளையாட்டுக்கு. பி, சி என்று போகப்போகப் பெரியவற்றுக்கு. 1959-ல் ஈ என்ற சீட்டு வந்தது. அதுதான் மிகப் பெரிய விளையாட்டுகளுக்கு. கையில் இருப்பது இத்தனை சீட்டு, எதில் ஏறலாம், எதை விடலாம் என்று குடும்பமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள். 1982-ல் இந்த முறை முடிவுக்கு வந்தது. வாசலில் ஒரே கட்டணம், உள்ளே எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்றாயிற்று.

சேலத்தில் ஆடி மாதம் நடக்கும் பொருட்காட்சிக்குப் போயிருப்பவர்களுக்கு அந்தப் பழைய முறை புதிதல்ல. நான் சிறுமியாக இருந்தபோது அப்பா என் கையில் பத்து ரூபாய் கொடுத்து, "இதுக்குள்ள முடிச்சுக்கோ" என்பார். ராட்டினத்துக்கு இவ்வளவு, மரணக் கிணற்றுக்கு இவ்வளவு, டெல்லி அப்பளத்துக்கு இவ்வளவு. நானும் என் தங்கையும் ஒரு மணி நேரம் எதிலும் ஏறாமல் சுற்றிச் சுற்றி வந்து யோசிப்போம். கடைசியில் ராட்டினத்தில் ஒரு முறை ஏறி, அப்பளத்தை இருவரும் பிய்த்துத் தின்றுவிட்டு வருவோம். மரணக் கிணற்றை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்த இரவை இன்றுவரை மறக்கவில்லை. இது ஏதோ பழைய காலத்தைப் புகழ்வதற்காகச் சொல்வதல்ல. சீட்டு முறையிலேயே ஒரு வித்தியாசம் இருக்கிறது.

ஓட்டலில் அளவுச் சாப்பாடும் உண்டு, அளவில்லாச் சாப்பாடும் உண்டு. அளவில்லாச் சாப்பாட்டுக்குச் சீட்டு வாங்கியவர், பசி அடங்கிய பிறகும் "காசு கொடுத்தாச்சே" என்று இன்னொரு கரண்டி சோறு வாங்குவார். ஒரே கட்டணம் வாங்கும் பூங்காவிலும் இதுவே நடக்கிறது. காலை பத்தரை மணிக்கு உள்ளே நுழைந்ததும் மனத்துக்குள் ஒரு கணக்குப் பிள்ளை வந்து உட்கார்ந்து கொள்கிறான். போட்ட காசை எடுக்க வேண்டும். மரத்தடியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் நட்டம். பயந்த பிள்ளையையும் "ஏறு, ஏறு, காசு கட்டியிருக்கு" என்று விரட்டுவோம். நானே அப்படி ஒரு பிள்ளையை விரட்டியிருக்கிறேன். அவள் இறங்கி வந்து வாந்தி எடுத்தாள்.

இனி நிற்பதற்கான கணக்குக்கு வருவோம். பெரிய கணிதம் ஒன்றுமில்லை, ஆறாம் வகுப்புப் பிள்ளையும் போடலாம். ஒரு பூங்காவில் 20 விளையாட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆள் ஏற்றி, பட்டையைப் பூட்டிச் சரிபார்த்து, ஓட்டி, இறக்கி முடிக்கும் நேரத்தையெல்லாம் சேர்த்தால், ஒவ்வொன்றிலும் மணிக்குச் சராசரி 300 பேர் ஏறலாம் என்று கொள்வோம். ஆக மொத்தம் மணிக்கு 6,000 இருக்கைகள். அன்று வந்திருப்பவர்கள் 6,000 பேர் என்றால், ஆளுக்கு மணிக்கு ஒரு விளையாட்டு. காலை பத்தரை முதல் மாலை ஐந்தரை வரை ஏழு மணி நேரம். ஆளுக்கு ஏழு விளையாட்டு. ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் ஓடினால் மொத்தம் 21 நிமிடம். ஏழு மணி நேரத்தில் இருபத்தொரு நிமிட விளையாட்டு! மீதி நேரம் நடை, சாப்பாடு, வரிசை. எல்லோரும் எல்லா விளையாட்டுகளுக்கும் சமமாகப் பிரிந்து போனால்தான் இதுவும் கிடைக்கும். உண்மையில் பெரியதாகத் தெரியும் இரண்டு மூன்றின் முன்னால்தான் கூட்டம் குவியும்.

இதே பூங்காவுக்கு 2,000 பேர் மட்டும் வரும் நாளில் போனால் ஆளுக்கு 21 விளையாட்டு கிடைக்கும். அப்படியானால் கூட்டமில்லாத நாளில் போகலாமே என்பீர்கள். பள்ளிகளுக்கு அது முடிவதில்லை. பொதுத் தேர்வுக்கு முன்னும், பெருமழைக்குப் பின்னும், அரையாண்டுத் தேர்வின் இரு பக்கத்திலும் கிடைக்கிற சில வாரங்களில்தான் எல்லாப் பள்ளிகளும் பேருந்து எடுக்கின்றன. நாங்கள் ஒரு முறை போனபோது வாகன நிறுத்தத்தில் பள்ளிப் பெயர்ப் பதாகை கட்டிய பேருந்துகளை எண்ணிப் பார்த்தேன். நாற்பதுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

நீர் விளையாட்டில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அலைக்குளத்தில் இருக்கை கிடையாது, பட்டை பூட்ட வேண்டாம், ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் இறங்கலாம். சுற்றுலா முடிந்து எழுதச் சொல்லும் கட்டுரைகளில் பிள்ளைகள் ஏன் அலைக்குளத்தைப் பற்றியே எழுதுகிறார்கள் என்பது எனக்கு இந்தக் கணக்குப் போட்ட பிறகுதான் விளங்கிற்று.

தமிழ்நாட்டில் இந்தப் பூங்காக்கள் வந்த வரலாற்றையும் கொஞ்சம் பார்ப்போம். சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. கடற்கரைக்குப் போய், வாசலில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்கப் பார்த்தது நம் தாய்மார்கள் பலருக்கு நினைவிருக்கும். 1995-ல் தாம்பரத்துக்கு அருகே கிஷ்கிந்தா வந்தது. அதை அமைத்தவர் நவோதயா அப்பச்சன். இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற மலையாளப் படத்தை 1984-ல் தயாரித்தவர். வானரங்களின் நாட்டுப் பெயரைப் பூங்காவுக்கு வைத்தாரே, பிள்ளைகளை நன்றாக அறிந்தவர்தான். இவை தவிர முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., நீலகிரி அடிவாரத்தில் மேட்டுப்பாளையம் அருகே பிளாக் தண்டர். 2000-ல் கொச்சியில் வீகாலேண்ட். அதே நிறுவனத்தார் 2005-ல் பெங்களூர் மைசூர்ச் சாலையில் வொண்டர்லா. 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர்ப் பக்கம் வொண்டர்லாவின் இன்னொரு பூங்கா திறக்கப்பட்டது. அதற்கு ஆன செலவு அறுநூறு கோடி ரூபாய்க்கு மேல். அங்குள்ள 'தஞ்சோரா' என்னும் பெரிய உருளும் வண்டி சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று செய்தது.

கட்டணம் ஏன் ஏறுகிறது என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. பெரிய இயந்திரங்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. நாள்தோறும் காலையில் பூங்கா திறக்குமுன் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கூட்டமில்லாத மழை நாளிலும் மின்சாரமும் சம்பளமும் உண்டு. வரியும் சேர்கிறது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது கேளிக்கைப் பூங்காக்களுக்கு 28 விழுக்காடு போட்டார்கள். 2018 ஜனவரியில் அதை 18 ஆகக் குறைத்தார்கள். பூங்கா நடத்துவோர் கொள்ளையடிக்கிறார்கள் என்று பேசுவது எளிது, ஆனால் நியாயமாகாது. பாதுகாப்புக்குச் செலவு செய்யாத மலிவான பூங்காவுக்கு நம் பிள்ளைகளை நான் அழைத்துப் போக மாட்டேன்.

எனக்குப் பொறுக்காதது வேறொன்று. கூடுதல் பணம் கட்டினால் வரிசையில் முந்திப் போகலாம் என்ற ஏற்பாடு. பெங்களூர் போன்ற இடங்களிலும் ஃபாஸ்ட் டிராக் என்ற பெயரில் அது உண்டு. பார்த்தால் குற்றமில்லாத வசதியாகத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். மணிக்கு 300 பேர் ஏறும் ஒரு விளையாட்டின் முன்னால் 300 பேர் நிற்கிறார்கள். கடைசி ஆளுக்கு ஒரு மணி நேரம். அந்த 300 இருக்கைகளில் 100 இருக்கையைக் கூடுதல் பணம் கட்டியவர்களுக்கு ஒதுக்கினால், மற்றவர்களுக்கு மணிக்கு 200 இருக்கைதான். கடைசி ஆள் இப்போது ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். இருக்கை ஒன்றுகூடக் கூடவில்லை. ஒருவர் விலை கொடுத்து வாங்கிய நேரம் இன்னொருவர் காலிலிருந்து எடுத்த நேரம். நம் ரேஷன் கடையில் யாராவது, "அம்பது ரூபா சேர்த்துத் தர்றேன், எனக்கு முதல்ல போடு" என்று சொல்லிப் பார்க்கட்டும், தெருவே சண்டைக்கு வரும்! பூங்காவில் நம் பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி வழி விடுகிறார்கள்.

இந்தப் பாதை எங்கே போய் முடியும் என்பதை அமெரிக்காவில் பார்க்கலாம். ஃபுளோரிடாவில் 1971 அக்டோபர் 1 அன்று திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டில் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 3.50 டாலர், விளையாட்டுச் சீட்டு தனி. இப்போது ஒரே கட்டணம். நெரிசலான நாள்களில் அது 190 டாலரையும் தாண்டிவிட்டது. விளையாட்டும் இதில் அடங்கும் என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் இடைப்பட்ட காலத்தில் அந்நாட்டில் பொது விலைவாசி ஏறியது ஏறக்குறைய எட்டு மடங்குதான். 1999-ல் அங்கே வரிசையில் நிற்பதைக் குறைக்க நேரக்குறிப்புச் சீட்டு ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். 2021 அக்டோபரில் அதற்கு விலை வைத்தார்கள். 2024-ல் எல்லா வரிசையிலும் முந்திச் செல்ல ஒரு சீட்டு வந்தது. கூட்டமான நாளில் ஆளுக்கு 449 டாலர் வரை, அதுவும் நுழைவுக் கட்டணம் நீங்கலாக.

பணம் மட்டுமல்ல. எந்த விளையாட்டுக்கு எந்த நேரம் என்று முன்கூட்டியே பதிய வேண்டும். அவர்களுடைய விடுதியில் தங்குவோர் 7 நாள் முன்பும் மற்றவர்கள் 3 நாள் முன்பும் காலை ஏழு மணிக்குக் கைபேசியோடு தயாராக இருக்க வேண்டும். பேர்பெற்ற உணவுக்கூடங்களில் சாப்பிட 60 நாள் முன்பே இடம் பிடிக்க வேண்டும். விடுமுறைக்குப் போவதற்கு இவ்வளவு குறிப்பேடு எழுத வேண்டியிருந்தால் அதை எழுதுவது யார்? பெரும்பாலும் தாய்தான். ஆண்டுதோறும் ஆவலோடு போய்வந்த குடும்பங்கள் பல, "போதும், அடுத்த முறை ஏதாவது ஒரு கடற்கரைக்குப் போய்ச் சும்மா கிடப்போம்" என்று சொல்லத் தொடங்கியிருக்கின்றன. வேர்க்கடலை கொறித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தகப்பனுக்காகத் தொடங்கிய காரியம் இது.

ஆத்தூரிலிருந்து போகும் நமக்கு இன்னும் சில சங்கடங்கள் உண்டு. சென்னையும் பெங்களூரும் இங்கிருந்து 250, 300 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்வர வேண்டுமானால் முதல் நாள் இரவு பத்து மணிக்குக் கிளம்பி, மறுநாள் இரவு முழுவதும் பயணம் செய்து மூன்றாம் நாள் விடியலில் பள்ளி வாசலில் இறங்க வேண்டும். இரண்டு இரவுத் தூக்கம் போயிற்று. தூங்காத பிள்ளையை உருளும் வண்டியில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை முன்பே சொன்னேன்.

அறிவிப்புத் தாளில் வராத செலவுகளும் இருக்கின்றன. பருத்திச் சுடிதாரோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். நைலான் உடை வேண்டும். இல்லாதவர்கள் வாடகைக்கு எடுக்க வேண்டும். பையை வைக்கப் பெட்டக வாடகை. பல பூங்காக்களில் வெளி உணவுக்கு அனுமதி இல்லை. ஒரு முறை எங்கள் பிள்ளைகளின் தாய்மார்கள் இரவெல்லாம் விழித்துக் கட்டிக் கொடுத்த புளிசோற்றுப் பொட்டலங்களை வாசலில் நிறுத்திவிட்டார்கள். பேருந்திலேயே வைத்துவிட்டுப் போனோம். வெயிலில் நின்ற வண்டிக்குள் எலுமிச்சைச் சோறு தாங்கிற்று, தயிர்சோறு தாங்கவில்லை. உள்ளே ஒரு தட்டுச் சோற்றின் விலையைக் கேட்டுவிட்டு, "பசிக்கல டீச்சர்" என்று சொன்ன பிள்ளைகள் யார் யார் என்று எனக்கு இன்றும் தெரியும்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த அலைக்குளத்தில் நம் பிள்ளைகள் போட்ட கூச்சலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. பெண் பிள்ளைகள் வாய்விட்டுக் கத்தினால் நம் ஊரில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆற்றில் குளிக்கவும் கிணற்றில் நீந்தவும் அண்ணன் தம்பிகளுக்குத்தான் அனுமதி. பதினான்கு வயதுவரை இடுப்பளவு தண்ணீரில் நின்றே அறியாத பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. அவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரியது என்பதை, தீம் பார்க் என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். போக வேண்டாம் என்று சொல்வதானால், அதற்கு ஈடாக எதைக் கொடுக்கிறோம் என்றும் சொல்ல வேண்டும்.

அந்த 23 பேர் கதைக்கு வருகிறேன். பேருந்து வாடகை ஆள் குறைந்தால் குறையாது. எடுத்துக்காட்டாக 35,000 ரூபாய் வாடகை என்றால் 50 பேருக்கு ஆளுக்கு 700 ரூபாய். 23 பேருக்கு ஆளுக்கு 1,500 ரூபாய்க்கு மேல். ஆள் குறையக் குறையக் கட்டணம் ஏறும், கட்டணம் ஏற ஏற இன்னும் சிலர் பெயரை எடுத்துக்கொள்வார்கள். கணக்குத் தாளோடு தலைமையாசிரியைச் சிஸ்டரிடம் போய் நின்றேன். அவர்கள் தாளைப் பார்த்துவிட்டு, "வராத 35 பேரும் அன்னைக்கு என்ன செய்வாங்க?" என்று கேட்டார்கள். நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. வழக்கமாக அவர்களுக்கு வேறு வகுப்பில் உட்கார்ந்து படிக்கச் சொல்லிவிடுவோம். மறுநாள் போய் வந்தவர்கள் கதை சொல்வார்கள், இவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "58 பேரும் வரக்கூடிய இடம் ஒண்ணு பாருங்க" என்றார்கள் சிஸ்டர். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். சில பெற்றோர் கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது.

ஜனவரியில் ஒரு நாள் பள்ளிப் பேருந்தை இரண்டு நடையாக ஓட்டிச் சென்றோம். ஆளுக்கு 150 ரூபாய். காய்ச்சலில் படுத்திருந்த ஒருத்தியைத் தவிர எல்லோரும் வந்தார்கள்.

முதலில் ஊருக்கு வெளியே ஒரு சேகோ மில். ஆத்தூரில் பிறந்து வளர்ந்தும், ஜவ்வரிசி எப்படி வருகிறது என்று கேட்டால் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஏதோ செடியில் காய்க்கிறது என்று எண்ணியவர்களும் உண்டு. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பொது அறிவுத் தேர்வில் எழுதியவர்கள்தான் இவர்கள்! கிழங்கு வெட்டும் பருவமாகையால் லாரிகள் வரிசையாக நின்றன. அந்த மில்லின் களத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாவின் மகள் எங்கள் வகுப்பில் படிக்கிறாள். முந்தைய சுற்றுலாக்கள் எதற்கும் அவள் வந்ததில்லை. மேலாளர் விளக்கத் தொடங்கினார். இரண்டு நிமிடத்தில் அவள் முன்னால் வந்துவிட்டாள். கிழங்கைக் கழுவித் தோல் நீக்கி அரைப்பது, தண்ணீர் விட்டுச் சலித்துப் பால் எடுப்பது, அந்தப் பால் தொட்டியில் மணிக்கணக்காக அசையாமல் நின்று மாவு அடியில் கட்டியாகப் படிவது, அந்த ஈர மாவைத் துணித் தொட்டிலில் போட்டுக் குலுக்கினால் மணி மணியாக உருள்வது, அதைச் சலித்துச் சூடான தட்டில் வறுத்துக் களத்தில் காயப்போடுவது என்று எல்லாவற்றையும் கையைக் காலை ஆட்டிச் சொன்னாள். பிழிந்து மிஞ்சிய சக்கைக்குத் திப்பி என்று பெயர், மாட்டுத் தீவனத்துக்குப் போகும் என்றாள். "மழை மேகம் பார்த்தா எங்கம்மா சாப்பாட்டை அப்படியே வெச்சுட்டு ஓடும், களத்தை மூட" என்றாள். பிள்ளைகள் அவளிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆசிரியைக்கு அது கொஞ்சம் வருத்தமான செய்திதான்.

நண்பகல் கோட்டை. வசிட்ட நதிக் கரையில், 17-ஆம் நூற்றாண்டில் கெட்டி முதலி கட்டியதாகச் சொல்லப்படும் கோட்டை. ஐதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயரும் மாறி மாறிப் பிடித்தது. 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு சேலம் சீமை ஆங்கிலேயர் கைக்குப் போனதைப் பாடத்தில் நடத்தியிருந்தேன். அந்தச் சுவர்மேல் உட்கார்ந்து புளிசோறு தின்றபோது அதைப் பற்றி நான் பேசத் தொடங்கியதும், "டீச்சர், டூர்ல பாடம் வேண்டாம்" என்றார்கள். விட்டுவிட்டேன்.

பிற்பகல் கல்வராயன் மலையடியில் முட்டல். வனத்துறையார் ஏரியில் படகு விடுகிறார்கள். அங்கேயும் வரிசை இருந்தது! உள்ள சில படகுகளில் ஐம்பத்தேழு பேரும் ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆனால் கரையில் நின்ற ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. ஒரு கூட்டம் கல்லெறிந்து விளையாடிற்று, ஒரு கூட்டம் மரத்தடியில் பாட்டுக்குப் பாட்டு பாடிற்று, இருவர் தூங்கியே போனார்கள். ஆளுக்கு 150 ரூபாய்தானே. கணக்குப் பிள்ளை யார் மனத்திலும் வந்து உட்காரவில்லை போலும். அருவியில் தண்ணீர் சன்னமாகத்தான் விழுந்தது. அந்தச் சன்னத் தண்ணீருக்கு அடியில் போய் நின்று, அலைக்குளத்தில் கத்தியதில் பாதியாவது கத்தினார்கள். வனக்காவலர் ஒருவர் என்ன ஆயிற்றோ என்று ஓடி வந்தார்.

மாலை ஆறரைக்குப் பள்ளிக்குத் திரும்பினோம். மறுநாள் முதல் பாடவேளைக்கு எல்லோரும் இருந்தார்கள்.

சென்ற ஆண்டு மேட்டூர் போனோம். இவ்வாண்டுக்கு இடத்தைப் பிள்ளைகளே எழுதித் தரட்டும் என்று விட்டிருக்கிறேன். ஏற்காடு, கொல்லிமலை, தரங்கம்பாடி என்று சீட்டுகள் வந்திருக்கின்றன. 'தஞ்சோரா' என்று கொட்டை எழுத்தில் எழுதிய சீட்டுகள் ஒன்பது. அந்த ஒன்பதையும் நான் கிழிக்கவில்லை. சென்னைக்குப் பேருந்து வாடகை என்னவென்று விசாரித்து வைத்திருக்கிறேன்; வகுப்பில் எத்தனை பேர் கட்ட முடியும் என்பதை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேட்க வேண்டும்.